முற்பணம் கொடுப்பதற்கு முன்: திருகோணமலைப் பக்கம் காணி வாங்குவோர் கேட்க வேண்டியவை

அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் பதினொரு வருடம் சங்கிலி பிடித்தேன். சங்கிலி என்பது பழைய பெயர். அறுபத்தாறு அடி நீளத்தில் நூறு கண்ணிகள் கொண்ட அந்த இரும்புச் சங்கிலியை நான் பார்த்ததெல்லாம் அவருடைய அலுமாரிக்குள்தான். எங்கள் கையில் இருந்தது உருக்கு நாடா. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பற்றைக்குள் வெயிலில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு. காணிக்காரர், வாங்க வந்தவர், தரகர், வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவர் எல்லோரும் பேசுவது அவன் காதில் விழும். அவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படிக் காதில் விழுந்தவற்றில் முக்கால்வாசிக் கேள்விகள் நல்ல கேள்விகள்தான். நேரம்தான் பிந்திவிட்டது. முற்பணம் கைமாறிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். காசு கொடுத்தவருக்குக் காணியில் குறை தெரிந்தாலும் அதைக் குறையாகப் பார்க்க மனம் வராது. “பரவாயில்லை, சமாளிக்கலாம்” என்பார். ஆகவே கீழே வரும் கேள்விகள் எல்லாவற்றையும் முற்பணத்துக்கு முன்பே கேளுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கேட்பதற்கு பஸ் காசும் அரைநாள் லீவும் போதும்.

முற்பணத்தைப் பற்றியே முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நம்மை ஆள்கிறது. அதன்படி காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும்; பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். காணியைப் பிறகு விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். முத்திரை ஒட்டிய தாளில் “இந்தக் காணிக்கு இவ்வளவு ரூபாய் முற்பணம் பெற்றேன்” என்று எழுதி வாங்கியிருந்தால், காசு கொடுத்ததற்கு அது ஒரு சான்றாக நிற்கலாம். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு காணியை எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. நாளை வேறொருவர் கூடுதல் விலை சொன்னால், காணிக்காரர் உங்கள் காசைத் திருப்பித் தந்துவிட்டு நகர்ந்துவிடலாம். திருப்பித் தந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?

இதுதான் முதற் கேள்வி. விலை, கிணறு, தென்னை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதே 1840 இல் வெள்ளைக்காரர் இன்னொரு சட்டமும் கொண்டுவந்தார்கள். அது 12 ஆம் இலக்கச் சட்டம். காடும் தரிசும் ஆட்சியில்லாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அது சொன்னது. சேனை நிலத்துக்கும் அதே கதி. தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனை செய்தவரும், உரித்தைக் காட்டும் எழுத்து இல்லாவிட்டால், தன் நிலத்தில் அந்நியர்தான். இன்றும் இலங்கை நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி என்று சொல்லப்படுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே நகரத்தை விட்டு எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வகைக் காணிகளைச் சந்திப்பீர்கள். ஒன்று தனியார் உறுதிக் காணி, அதாவது நொத்தாரிசு எழுதிய உரித்துப் பத்திரம் உள்ள காணி. மற்றது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தின் மூலம் கொடுத்த காணி. இதைத்தான் ஊரில் பெர்மிட் காணி என்கிறோம். கந்தளாய், அல்லை, முதலிக்குளம் முதலிய குடியேற்றத் திட்டங்களிலும் அவற்றை அண்டிய ஊர்களிலும் இவை நிறைய உண்டு. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் இந்தக் காணிகளில் பெர்மிட்காரர் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்கலாம். விருப்பம் போல் விற்க முடியாது.

பெர்மிட்டுக்கு அடுத்த படி அளிப்புப் பத்திரம். ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் கொடுக்கப்பட்டவை இவை. ஜனாதிபதியின் கையொப்பத்துடன் பார்க்க அழகாக இருக்கும். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அந்த அழகைப் பார்த்துப் பலர் இது முழு உறுதி என்று நம்பிவிடுகிறார்கள். அல்ல. அளிப்புக் காணியைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துச் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் எழுதப்பட்ட உறுதி, எத்தனை சாட்சி வைத்து எழுதினாலும், செல்லாது.

இருந்தும் பெர்மிட் காணிகள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. “கடிதம் எழுதி வாங்குகிறோம்” என்பார்கள். நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குடும்பம் அப்படிக் கடிதம் எழுதி இரண்டு ஏக்கர் வாங்கியது. கிணறு கட்டி, எழுபது தென்னை வைத்து, அவை காய்க்கத் தொடங்கிய காலத்தில் பெர்மிட்காரர் இறந்துபோனார். பெயர் குறிக்கப்பட்ட மகன் வந்து நின்றார். அளப்பதற்கு எங்களைக் கூப்பிட்டவரும் அவர்தான். நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். அந்த வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு தென்னையாகத் தொட்டுக்கொண்டு எங்களுடனேயே நடந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அளந்து முடித்ததும் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார்.

எனவே விற்பவர் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, அந்தக் காணி எந்தப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டதோ அங்கே காணிப் பிரிவில் காட்டுங்கள். திருகோணமலை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. சரியான இடத்துக்குப் போகாவிட்டால் அரைநாள் வீணாகும். நிலாவெளி, கும்புறுப்பிட்டி, திரியாய், புல்மோட்டை எல்லாம் குச்சவெளிப் பிரிவு. உப்புவெளி பட்டணமும் சூழலும் பிரிவு. சம்பூர் மூதூர்ப் பிரிவு.

விற்பவர் யார்?

“என் காணி” என்று ஒருவர் சொல்லும்போது அதன் பொருள் பல. அப்பாவின் காணியாக இருக்கலாம். அண்ணன் கனடாவில் இருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதாக இருக்கலாம். முப்பது வருடமாக நான்தான் வேலி கட்டுகிறேன் என்பதாகவும் இருக்கலாம். மூன்றும் வேறு வேறு.

அப்பாவின் காணி என்றால் பங்குக் கணக்குப் போட வேண்டும். ஓர் ஏக்கர் என்பது 4 றூட், அதாவது 160 பேர்ச். உறுதியில் “ஏ.1 றூ.2 பே.10” என்று இருந்தால் அது 160, 80, 10 சேர்ந்து 250 பேர்ச். இப்போது ஓர் ஏக்கருக்குச் சொந்தக்காரர் மரண சாசனம் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, 80 பேர்ச். மீதி 80 பேர்ச் நான்காகப் பிரிந்து ஆளுக்கு 20. ஆனால் ஊரில் உள்ள மூத்த மகன், “நாங்கள் நாலு பேர், எனக்கு நாற்பது பேர்ச்” என்று சொல்லி வீதியோரமாக நாற்பதை விற்க வருவார். அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. அம்மாவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். அவரால் விற்கக்கூடியது எட்டில் ஒரு பங்கு. அதுவும் பிரிக்கப்படாத பங்கு. வீதியோரம் அவருடையது என்று எந்த எழுத்திலும் இல்லை. கூட்டுரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து பங்கீட்டு உறுதி எழுதியிருக்க வேண்டும், அல்லது 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். பிரிவினை வழக்கு என்றால் எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். வழக்குத் தொடங்கியவரின் பேரப்பிள்ளை தீர்ப்பை வாங்கிய காணியை நான் அளந்திருக்கிறேன்.

இந்தப் பங்குக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. கிண்ணியாவிலோ மூதூரிலோ முஸ்லிம் குடும்பத்தின் முதுசக் காணி என்றால், 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்குகள் வரும். உரித்தாளர் பட்டியல் நீளமாக இருக்கும். விற்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால், கணவரின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் உங்கள் சட்டத்தரணி பார்ப்பார். நீங்கள் அவருக்குச் சரியான குடும்ப விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் பார்ப்பார். “பிள்ளைகள் எத்தனை பேர்? எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா? எங்கே இருக்கிறார்கள்?” இந்த மூன்றையும் விற்பவரிடம் மட்டுமல்ல, பக்கத்து வளவிலும் கேளுங்கள்.

அண்ணன் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவம் காட்டுவார்கள். தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் அது. அதில் விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பராமரிக்கவும் வாடகை வாங்கவும் மட்டும் அதிகாரம் கொடுத்த பத்திரங்களும் உண்டு. கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அவருடன் போய்விடும். ஆகையால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் காதால் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வீடியோ அழைப்பில் பேசிவிட்டால் முடிந்தது. கேட்க வெட்கமான கேள்விதான், “அண்ணனுக்கு ஒரு வணக்கம் சொல்லலாமா?” என்று ஆரம்பித்தால் நடக்கும்.

பெற்றோர் பிள்ளைக்குச் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதிய காணியில் சீவிய உரித்து என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். எழுதிக் கொடுத்தவர் தாம் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டிருப்பார். அந்த முதியவரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவருக்கு மனமில்லை என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். என் அபிப்பிராயம் இது, சட்டம் அல்ல.

இனி, முப்பது வருடம் வேலி கட்டியவர். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் உரிமையை ஏற்காமல், தடையில்லாமல், தொடர்ந்து பத்து வருடம் ஆட்சி செய்தவர் உரித்தைக் கோரலாம். இதை வைத்து நொத்தாரிசு மூலம் எழுதுவதுதான் ஆட்சி உறுதி. கவனியுங்கள்: ஆட்சி உறுதி என்பது ஒருவர் தாமே “நான் ஆண்டேன்” என்று சொல்லும் அறிவிப்பு. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உரித்து அல்ல. அரச காணியில் இந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது.

நம் மாவட்டத்தில் இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. எத்தனையோ பேர் ஊரை விட்டு ஓடிய வருடங்களில்தான் பிறருடைய ஆட்சி தொடங்கியது. அதனால்தான் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம், போர்ச் சூழலால் தம் உரிமையைக் கோர முடியாமற் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. ஆட்சி உறுதியோடு ஒருவர் வந்தால், அவருடைய பத்து வருடம் எந்தப் பத்து வருடம் என்று கேளுங்கள். அதற்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் காணியை மட்டுமல்ல, பாவத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

தோம்பு பார்த்தல்

போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் தோம்பு. காணிப் பதிவகத்தில் உள்ள பதிவேட்டுத் தாளைத்தான் இன்றும் அப்படிச் சொல்கிறோம். இதைப் பார்க்க வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்றில்லை. உறுதியின் பின்புறத்தில் பதிவு முத்திரையும் பதிவேட்டு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு தாளின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

தாளின் தலையில் காணியின் பெயர், நான்கு எல்லைகள், பரப்பளவு. அதன் கீழே வரிசையாக ஒவ்வொரு உறுதியும்: யார் யாருக்குக் கொடுத்தார், என்ன வகை உறுதி, இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர். விலை உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி, குத்தகை, வழக்குப் பதிவு எல்லாம் இங்கே வர வேண்டும். ஈடு வைத்த காணி என்றால் ஈட்டு உறுதி தெரியும். மீட்டதும் தெரிய வேண்டும். குறைந்தது முப்பது வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். தாள் நிரம்பியிருந்தால் எங்கே கொண்டுசெல்லப்பட்டது என்று அடுத்த தாளின் இலக்கம் இருக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

நான் பயப்படுவது நிரம்பிய தாளைக் கண்டு அல்ல. வெறுமையான தாளைக் கண்டு. ஒரே ஓர் உறுதி மட்டும், அதுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தியது, முன்தாள் எதுவும் இல்லை என்றால், அது பெரும்பாலும் ஆட்சி உறுதிக்காகத் திறந்த புதுத் தாள். இதே நிலத்துக்கு வேறு பெயரில், வேறு எல்லையில் பழைய தாள் ஒன்று எங்கோ உறங்கிக்கொண்டிருக்கலாம். “வில்லங்கம் ஏதும் இல்லை, தோம்பு சுத்தம்” என்று தரகர் சொல்வது இந்தச் சுத்தத்தைத்தான்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. உறுதி எழுதும்போது மூலப்பிரதி வாங்கியவருக்குப் போகிறது. இன்னொரு பிரதி பதிவகத்துக்குப் போகிறது. மூன்றாவது பிரதி நொத்தாரிசின் பத்திரக் கட்டுக்குள் நிற்கிறது. விற்பவர் கையில் இருக்கும் உறுதியில் சந்தேகம் இருந்தால், மற்ற இரண்டில் ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையில் உள்ளதில் 2 ஏக்கர், பதிவகத்தில் உள்ளதில் 2 றூட் என்று வந்தால், மேலே போக வேண்டியதில்லை.

உறுதி முடித்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. மோசடி இல்லாவிட்டால், முதலில் வாங்கியவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

தரையில் கால் வைத்து

காகிதம் சரி என்றால் இப்போதுதான் எங்கள் வேலை வரும். பழைய உறுதி ஒன்றின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வடக்கு தெரு, கிழக்கு இன்னாரின் வளவு, மேற்கு வாய்க்கால், தெற்கு புளியமரம். ஒரு தடவை அந்தப் புளியமரத்தைத் தேடி ஒரு காலை முழுவதும் அலைந்தோம். மரம் இல்லை. வாங்க வந்தவர் பொறுமையிழந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டார். மாடு கட்ட வந்த ஆச்சி ஒருவர், “தம்பி, மரம் சூறாவளியில் விழுந்துவிட்டது. அடி கிடக்கும், அந்தக் கறையான் புற்றைக் கிளறிப் பாருங்கள்” என்றார். கிளறினோம். கருங்கல் போலக் காய்ந்த வேர் ஒன்று கிடைத்தது. அது வேலிக்கு ஒன்பது அடி உள்ளே இருந்தது. அந்த ஒன்பது அடி, வேலி நீளம் முழுவதும் பெருக்கினால், பதினான்கு பேர்ச். வேலிக்குள் இருந்தும் உறுதிக்குள் இல்லாத பதினான்கு பேர்ச்சுக்கும் சேர்த்துத்தான் விலை பேசியிருந்தார்கள்.

ஆகவே பழைய படத்தை மட்டும் நம்பாமல், புதிதாக அளந்து, மூலைக்கல் நட்டு, படம் வரையச் செய்யுங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்து அயலவர்களும் நிற்க வேண்டும். அவர்கள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதும் ஒரு செய்திதான்.

பாதை இருக்கிறதா? நடந்து போன ஒழுங்கை உறுதியிலும் படத்திலும் பாதையாக இருக்கிறதா, அல்லது முன்வளவுக்காரரின் பெருந்தன்மையா? பெருந்தன்மை பிள்ளைகளுக்கு உரித்தாவதில்லை. பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் வாங்கினால், வீதி அகலிக்கும்போது எவ்வளவு போகும் என்பதும் தெரியும்.

தண்ணீருக்கு இரண்டு தடவை போங்கள். கச்சான் காற்று வீசும் ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒரு தடவை. மாரி பெய்யும் டிசெம்பர், ஜனவரியில் ஒரு தடவை. நிலாவெளியிலிருந்து வடக்கே கடற்கரையோரம் மணலுக்குள் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. வாளியால் அள்ளும்வரை அது இனிக்கும். மோட்டர் வைத்து இறைத்தால் உவர் ஏறும். கும்புறுப்பிட்டிப் பக்கம் என் மச்சானுக்காக ஒரு காணி பார்க்கப் போயிருந்தபோது, தரகர் பச்சைப் புல்லைக் காட்டினார். நான் கிணற்றைக் கேட்டேன். ஒரு சிரட்டை அள்ளி வாயில் வைத்தேன். துப்பவில்லை, மரியாதைக்கு விழுங்கினேன். பக்கத்து வீட்டில் தேநீருக்கு எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று விசாரித்தால், பிள்ளை சைக்கிளில் கலன் கட்டிக்கொண்டு போவதைக் காட்டினார்கள். விலை பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டதால், காணியை வாங்கினோம். ஆனால் பசும்புல்லுக்குரிய விலையைக் கொடுக்கவில்லை.

மாரியில் வெருகல், மூதூர்ப் பக்கம் மகாவலித் தண்ணீர் எங்கே வரை வரும் என்று சுவரில் படிந்த கோட்டைப் பாருங்கள். கச்சானில் வெடித்த நிலமாகக் கிடப்பது சின்னக் குளமொன்றின் அலைகரையாக, அதாவது மாரியில் நீர் ஏறும் ஓரமாக, இருக்கும். அதைக்கூட விற்க வருகிறவர்கள் உண்டு. 2004 டிசெம்பர் 26 அன்று கடல் எவ்வளவு தூரம் வந்தது என்று கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் யாரைக் கேட்டாலும் கையால் காட்டுவார்கள். காட்டுப்பக்கம் என்றால் யானையைப் பற்றிக் கேளுங்கள். மின்வேலி இருந்தால் அதன் எந்தப் பக்கத்தில் உங்கள் காணி என்பது முக்கியம்.

வேறு யாருக்கும் இதில் சொல்லும் உரிமை இருக்கிறதா?

உங்கள் காணி உங்களுக்கே சொந்தமானாலும் அதில் என்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமை பிறருக்கும் உண்டு. கடற்கரையோரம் என்றால், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டப்படி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் வீடோ விடுதியோ கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் “கடல் தெரியும் காணி” என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

போரின்போது கைவிடப்பட்டுக் காடு மண்டிய நிலங்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கக்கூடும். பற்றைக்குள் நடந்து பாருங்கள். உறுதி இருக்கிறது என்பதால் கல் தானாக நகராது. பழைய கட்டடச் சிதைவு, தூண், செங்கல் மேடு கண்டால் தொல்லியல் திணைக்களத்தின் அறிவித்தல் உண்டா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அரசாங்கம் பொதுத் தேவைக்காக எடுப்பதற்கு அறிவித்தல் ஒட்டிய காணியா என்பதையும் அங்கேயே கேட்கலாம். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, 2007 இல் ஊரே உயர் பாதுகாப்பு வலயமாகி, 2015 இல்தான் காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. அந்த வருடங்களில் அவர்கள் கையில் உறுதிகள் இருந்தன.

வயல் வாங்குவோர் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். தம்பலகாமத்தில் வயல் பார்க்கிறீர்கள் என்றால், வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் வரும் முறையைக் கவனிக்கும் வட்டவிதானையாரையும் பாருங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் அந்தப் பூமிக்கு எந்த வாய்க்காலில், எத்தனையாவது முறையில் வருகிறது என்று அவருக்குத் தெரியும். பதிவு செய்யப்பட்ட குத்தகை விவசாயி இருந்தால், வயல் கைமாறினாலும் அவருடைய உரிமை அப்படியே நிற்கும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அது. வயலை நிரப்பி வீடு கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரின் பெயரில் வாங்கப் போகிறீர்களா? 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடை செய்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. லண்டனில் இருக்கும் தங்கையின் காசில், ஊரில் இருக்கும் தம்பியின் பெயரில் வாங்கினால், சட்டத்தின் முன் அது தம்பியின் காணி. நாளை தம்பிக்குக் கல்யாணம் ஆகும்.

கணக்குப் போடும்போது காணி விலையோடு நிறுத்தாதீர்கள். முத்திரை வரி பொதுவாக முதல் இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் வரும். அதோடு நொத்தாரிசுக் கட்டணம், அளவைக் கூலி, பதிவுச் செலவு, வேலி.

என் மச்சானின் கும்புறுப்பிட்டிக் காணிக்கு வேலி போட்ட அன்று, பக்கத்து வளவுக்காரர் வந்து கதியால் நடக் கை கொடுத்தார். வேலை முடிந்து மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது, தெற்குப் பக்கக் கல் ஓரடி எங்கள் பக்கம் தள்ளி நிற்பதாகச் சொன்னார். படத்தை எடுத்து விரித்தேன். அவர் சொன்னது சரி. பிடுங்கி மறுபடி நட்டோம்.